கடைசி ஸ்வரத்துக்கு முன்னால்: ஆல்பர்ட் ஹாலில் கொலம் வில்கின்சன்

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 1995 அக்டோபர் 8 அன்று நடந்த 'லே மிசரபிள்' இசைநாடகத்தின் பத்தாம் ஆண்டு விழா இசை நிகழ்ச்சி டிவிடியாகவும், இரண்டு தட்டுகள் கொண்ட சிடியாகவும் வெளிவந்தது. அந்த நாடகத்தின் வெவ்வேறு மேடையேற்றங்களில் பெயர் வாங்கியவர்களைப் பொறுக்கியெடுத்து ஒரே மேடையில் நிறுத்தியதால் 'கனவுக் குழு' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இசைநாடகப் பிரியர்களிடம் இந்தப் பதிவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பேச்சு வெகு சீக்கிரம் கொலம் வில்கின்சனிடம் வரும். அங்கிருந்து அவர் பாடிய 'பிரிங் ஹிம் ஹோம்' பாட்டுக்கு வரும். பிறகு அந்தப் பாட்டின் கடைசி ஸ்வரத்தில் போய் நின்றுகொள்ளும். அந்த ஸ்வரத்தை யார் எவ்வளவு நேரம் பிடித்தார்கள், யார் மூச்சு நடுங்காமல் இறக்கினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே பல ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு. அவர்களுடைய பாராட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஒரு ஸ்வரத்தின் மீது இவ்வளவு பாராட்டையும் குவித்துவிட்டால், அதற்கு முன்னால் அவர் செய்து காட்டுகிற வேலை கவனிக்கப்படாமலே போய்விடுகிறது என்பதுதான் என் குறை. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த வேலையைப் பற்றியது.

கதையைத் தமிழ் வாசகர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். 1950இல் பட்சிராஜா நிறுவனம் அதை நாகையாவை வைத்துப் படமாக்கியது. அதில் நாயகனை விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் என்பது ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்ட பெயராயிற்று. ஆகவே பிரெஞ்சு உச்சரிப்போடு மல்லுக்கட்டாமல் நானும் ஜாவர் என்றே எழுதுகிறேன். ரொட்டி திருடிய குற்றத்துக்காகச் சிறை சென்று, தப்பிக்க முயன்றதால் மேலும் மேலும் தண்டனை கூடி, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வெளியே வரும் ழான் வால்ஜானாகத்தான் வில்கின்சன் இதில் பாடுகிறார்.

இது நாடகத்தின் படப்பிடிப்பு அன்று என்பதை வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பாடகர்கள் வேடமணிந்து வருகிறார்கள். ஆனால் மேடையின் முன்புறத்தில் வரிசையாக நிற்கும் மைக்குகளுக்கு முன்னால் நின்றுதான் பாடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு, அதற்கும் பின்னால் பெரிய கூட்டுப்பாடகர் அணி. கிளர்ச்சி செய்யும் மாணவர்களின் தடுப்பரண் சண்டை போன்ற இடங்களில் அரங்கத் தயாரிப்பிலிருந்து எடுத்த காட்சித் துண்டுகளை இடையிடையே ஒட்டியிருக்கிறார்கள். லண்டன் மேடையில் இந்த நாடகத்தின் புகழுக்குப் பாதிக் காரணமாக இருந்த சுழலும் தளம் இங்கே கிடையாது. வண்டி தூக்குவதும் கிடையாது, சாக்கடைக்குள் ஆளைச் சுமந்து போவதும் கிடையாது. தோளில் சுமையில்லாமலே சுமக்கிறவனின் மூச்சிரைப்பைக் குரலில் காட்ட வேண்டிய கட்டாயம் பாடகருக்கு ஏற்படுகிறது. நடிப்பால் தப்பித்துக்கொள்ளும் சுமாரான பாடகர்களும், பாட்டால் தப்பித்துக்கொள்ளும் சுமாரான நடிகர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

வில்கின்சன் 1944இல் டப்ளினில் பிறந்தவர். ராக் இசைக்குழுக்களில் பாடிப் பழகியவர். முறையான ஓபராப் பயிற்சியிலிருந்து வரும் மழுமழுப்பு அவர் குரலில் இல்லை. 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நாடகத்தில் யூதாஸாகப் பாடினார். 'எவிட்டா' மேடையேறுமுன்பு 1976இல் இசைத்தட்டாக வந்தபோது சே பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். 1978இல் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு அயர்லாந்தின் சார்பில் போய் ஐந்தாம் இடத்தில் வந்தார். 1985 அக்டோபர் 8 அன்று பார்பிகன் அரங்கில் ஆங்கில 'லே மிசரபிள்' தொடங்கியபோது அவரே முதல் வால்ஜான். பத்திரிகை விமர்சகர்களில் பலர் அந்த நாடகத்தை அன்று போட்டுத் தாளித்தார்கள். டிக்கெட் வாங்கியவர்களோ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். 1987இல் நியூயார்க்குக்குப் போகிற சமயம், வெளிநாட்டு நடிகர் கூடாது என்று அமெரிக்க நடிகர் சங்கம் மறுப்புத் தெரிவிக்க, வில்கின்சன் இல்லாவிட்டால் நாடகமே வராது என்று தயாரிப்பாளர் கேமரன் மாக்கின்டாஷ் பிடிவாதமாக நின்றார். சங்கம் இறங்கி வந்தது. பிறகு டொரொன்டோவில் பல ஆண்டுகள் 'ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வில் முகமூடி மனிதராகப் பாடினார். ஆல்பர்ட் ஹாலில் மைக் முன்னால் வந்து நிற்கும்போது அவருக்கு வயது 51. வால்ஜானாகப் பாடத் தொடங்கிய நாளிலிருந்து சரியாகப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. குரலில் கொஞ்சம் தேய்மானம் தெரிகிறது. அந்தத் தேய்மானம் பாத்திரத்துக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் என்றே சொல்வேன்.

பாதிரியார் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனுக்கே பரிசாகக் கொடுத்து அனுப்பிய பிறகு வரும் தனிமொழிப் பாட்டுதான் இந்தப் பதிவில் என்னை மிகவும் கட்டிப்போட்ட இடம். பாட்டு என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. பாதி பேச்சு, பாதி முனகல். இசைக்குழு பதற்றமாகத் துடித்துக்கொண்டிருக்க, சின்னச் சின்னச் சொற்றொடர்களாக அவன் தன்னையே விசாரிக்கிறான். வில்கின்சன் முதல் வரிகளைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். சொற்கள் பல்லிடுக்கில் அரைபட்டு வெளியே வருகின்றன. வெறுப்பைப் பற்றிப் பேசும் வரிகளில் குரல் கரகரத்துத் தடிக்கிறது. பாதிரியார் தன்னைச் சகோதரன் என்று அழைத்ததை நினைக்கும்போது அதே குரல் திடீரென்று மெலிந்து, பிள்ளைக் குரலாக ஆகிவிடுகிறது. அந்த மாற்றத்துக்கு அவர் எடுத்துக்கொள்ளும் அவகாசம் ஒரு மூச்சு. மெட்டு அதற்கு மேல் இடம் கொடுப்பதில்லை. ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த மூச்சு உள்ளே போகும் சத்தமே கேட்கிறது. முடிவில் பழைய பெயரைத் தொலைத்துப் புதிய வாழ்க்கை தொடங்கும் வரியில் முழுக் குரலையும் திறக்கிறார். அப்போதுதான் இவ்வளவு நேரமும் எவ்வளவு பெரிய குரலை அடக்கி வைத்திருந்தார் என்பது புரிகிறது. கைதட்டல் வருகிறது. ஆனால் இந்தக் கைதட்டலைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

இந்த இசையை இசையமைப்பாளர் கிளாட்-மிஷல் ஷோன்பெர்க் இன்னொரு இடத்திலும் பயன்படுத்தியிருக்கிறார். அதைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்கு இந்தப் பதிவு பெரிய விருந்து. தன்னைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் வால்ஜான் கொல்லாமல் விட்டதைத் தாங்க முடியாமல் ஜாவர் ஆற்றில் விழுந்து சாகும் காட்சிக்கும் இதே மெட்டுத்தான். இரண்டு பேருக்கும் கருணை கிடைக்கிறது. ஒருவன் அதை வாங்கிக்கொண்டு மாறுகிறான், மற்றவன் அதை வாங்க மறுத்துச் சாகிறான். இங்கே ஜாவராகப் பாடும் பிலிப் குவாஸ்ட் ஆஸ்திரேலியர். 1987இல் சிட்னியில் இதே வேடத்தில் நின்றவர். அவருடைய பாரிட்டோன் குரல், அதாவது நடுத்தரக் கனமுள்ள ஆண்குரல், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையைப் போல மடிப்புக் கலையாதது. வில்கின்சன் சொற்களைக் கடித்துத் துப்பிய அதே மெட்டில் குவாஸ்ட் ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக, நேராக நிறுத்துகிறார். அந்தத் திருத்தம் மெல்ல மெல்ல விரிசல் விடுவதுதான் அவருடைய காட்சி. இருவரையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். வில்கின்சனின் குரலில் இருக்கும் சொரசொரப்பு தற்செயலானது அல்ல, பாத்திரத்தை அறிந்து வைத்துக்கொண்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஜாவரின் 'ஸ்டார்ஸ்' பாட்டுக்கு குவாஸ்ட்டை மிஞ்சியவர் இல்லை என்று ரசிகர்களிடம் கிட்டத்தட்ட ஒருமித்த கருத்து உண்டு. அதில் நான் சண்டைக்குப் போகப் போவதில்லை.

இடையில் 'ஹூ ஆம் ஐ' வருகிறது. தனக்குப் பதிலாக வேறொருவன் வால்ஜான் என்று பிடிபட்டிருக்கிறான். வாய் திறந்தால் தான் சிறைக்குப் போக வேண்டும், திறக்காவிட்டால் குற்றமற்றவன் போவான். கடைசியில் தன் கைதி எண்ணான 24601ஐ நீதிமன்றத்தில் உரக்கச் சொல்வது மேல் ஸ்தாயியில் உச்சத்துக்குப் போகும் கூவல். அந்த இடத்துக்கு ரசிகர்கள் காத்திருப்பார்கள். பின்னாளில் வந்த பல வால்ஜான்கள் அதை ஒரு வீரதீரச் சாதனையாகவே செய்கிறார்கள். வில்கின்சன் உச்சத்தை எட்டுகிறார் என்பது உண்மைதான். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வரிகள். நகர மேயராக இருந்து பலருக்கு வேலை கொடுத்தவன், தான் போய்விட்டால் அவர்கள் கதி என்ன என்று தனக்குத் தானே வக்காலத்து வாங்கும் பகுதியில் அவர் குரல் கணக்குப் பிள்ளையின் குரலாக மாறுகிறது. சமாதானம் சொல்லிக்கொள்கிறவனின் அவசரம் அதில் இருக்கிறது. அந்தப் பொய்ச் சமாதானம் காதில் விழுந்தால்தான் பிறகு வரும் கூவலுக்கு அர்த்தம்.

இனி அந்தப் பாட்டு. தடுப்பரணில் இரவு, தூங்கிக்கொண்டிருக்கும் இளைஞன் மாரியூஸ், தன் வளர்ப்பு மகளின் காதலன், அவனைப் பிழைக்க வை, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று கிழவன் கடவுளிடம் பேரம் பேசுகிறான். இந்தப் பாட்டு ஒத்திகைக் காலத்தில் தாமதமாகச் சேர்ந்தது; வில்கின்சனின் குரலால் என்ன முடியும் என்று தெரிந்த பிறகு அதற்காகவே வெட்டித் தைத்தது. மெட்டுக் கிடைத்தும் சொல் அகப்படாமல் திணறிய ஆங்கிலப் பாடலாசிரியர் ஹெர்பர்ட் கிரெட்ஸ்மருக்கு, மெட்டு பிரார்த்தனை மாதிரி ஒலிக்கிறதே என்று ஒத்திகையில் எழுந்த பேச்சுதான் வழி திறந்துவிட்டது. முதல் இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே முழு ஸ்தாயி ஒன்றைத் தாண்ட வேண்டும். அதுவும் மெதுவாக, மென்மையாக, பல்லவிக்குள் நுழையும் முன்பே. வலுவாகக் கத்தித் தாண்டுவதற்குப் பல பேர் உண்டு. வருடிக்கொண்டே தாண்டுவது கடினம். புச்சினியின் 'மடாமா பட்டர்ஃபிளை' ஓபராவில் வாய் மூடிப் பாடும் கூட்டுப் பகுதியின் சாயல் இந்த மெட்டில் இருப்பதாகச் சொல்வார்கள். கேட்டால் மறுக்கத் தோன்றாது. பாட்டின் உயரத்தையே கேலிப்பொருளாக்கி நியூயார்க்கின் 'ஃபர்பிடன் பிராட்வே' பகடி நிகழ்ச்சி ஒரு பாட்டுக் கட்டியது என்றால், பாடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வில்கின்சன் உச்ச ஸ்வரங்களைக் கள்ளத்தொண்டையில் பாடுகிறார். நம் கச்சேரி ரசிகர்கள் முகம் சுளிக்கும் உத்தி அது; முழுக் குரலில் எட்டாததைத் திருட்டுத்தனமாக எட்டுவதாகவே நாம் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே நிலைமை வேறு. தனிமொழிப் பாட்டிலும் நீதிமன்றக் கூவலிலும் இதே உயரத்தை முழுக் குரலில் எட்டக்கூடியவர் இவர் என்று ஏற்கெனவே நமக்குக் காட்டிவிட்டார். அந்த வலிமையைப் பார்த்த பிறகு, அதை வேண்டுமென்றே கீழே வைத்துவிட்டு நூலிழையாகப் பாடும்போதுதான் கடவுளுக்கு முன்னால் ஒரு முரடன் மண்டியிட்டது காதுக்குத் தெரிகிறது. முழு நாடகத்தையும் விட்டுவிட்டு இந்தப் பாட்டை மட்டும் தனியாக எடுத்துக் கேட்கிறவர்களுக்குக் கிடைப்பது அழகான ஒலி. வரிசையாகக் கேட்டு வருகிறவர்களுக்குக் கிடைப்பது அந்த மனிதன். இடையில் காலம் ஓடிப் போவதையும் தனக்கு வயதாவதையும் பற்றிய வரிகளில் அவர் தாளத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறார். இசை நடத்துநர் டேவிட் சார்லஸ் ஏபெல் இசைக்குழுவை அவருக்காகக் காத்திருக்க வைக்கிறார். காத்திருக்கத் தெரிந்த நடத்துநர் கிடைத்தது பாடகரின் பாக்கியம். கடைசி ஸ்வரம் நீண்டு, கரைந்து, இல்லாமல் போகிறது. அதன் பிறகு ஹால் எழுப்பும் ஆரவாரத்தைப் பதிவு முழுசாகவே வைத்திருக்கிறது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2010 அக்டோபர் 3 அன்று, லண்டன் ஓ2 அரங்கில் இருபத்தைந்தாம் ஆண்டு நிகழ்ச்சி நடந்தது. அதில் வால்ஜானாக வந்தவர் ஆல்ஃபி போ. லங்காஷயரில் பிறந்து ஓபராப் பயிற்சி பெற்ற டெனர், அதாவது மேல் ஸ்தாயி ஆண்குரல்காரர். அவர் இந்தப் பாட்டை முடித்ததும் எழுந்து நின்று தட்டிய கூட்டம் உட்காரவே நேரமாயிற்று. அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். எம்.கே.டி.யா சின்னப்பாவா என்று சண்டை போட்ட பரம்பரைக்கு இந்தச் சண்டையின் சுவை தெரியும். போவின் கட்சிக்காரர்கள் அவருடைய ஸ்வரச் சுத்தத்தையும், எந்த உயரத்திலும் சிதறாத ஒலியின் உருண்டையையும் சொல்கிறார்கள். நியாயம்தான், வெறும் குரல்வளம் என்று பார்த்தால் போ ஒரு படி மேலே. ஆனால் அவர் வால்ஜானுக்குச் சிறையில் குரல் கெடவில்லை. கல்லுடைத்தவன், பசித்தவன், பத்தொன்பது ஆண்டு திட்டு வாங்கியவன் என்பது வில்கின்சனின் ஒலியிலேயே இருக்கிறது. போவிடம் அதைச் சொற்களிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே ஓ2 நிகழ்ச்சியின் முடிவில் வில்கின்சன், போ, ஜான் ஓவன்-ஜோன்ஸ், சைமன் போமன் என்று நான்கு வால்ஜான்கள் சேர்ந்து இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறுபத்தாறு வயது வில்கின்சனுக்கு அரங்கம் காட்டிய மரியாதை கண்கொள்ளாக் காட்சி என்றாலும், நால்வர் பங்கு போட்டுக்கொண்ட பிரார்த்தனை எனக்கு ஒட்டவில்லை. இது ஒருவன் தனியாக இருந்து கேட்க வேண்டிய வரம்.

வில்கின்சனிடம் குறையே இல்லை என்று சொல்கிற பக்தர் கூட்டத்தில் நான் இல்லை. ஆங்கில உயிரெழுத்துகளை அவர் தன் வசதிக்கு வளைத்துக்கொள்கிறார். சில சொற்கள் நீண்டு நெளிந்து, என்ன சொல் என்று பிடிபடாமலே போகின்றன. ஆங்கிலத்தை அச்சில் அதிகமாகவும் காதில் குறைவாகவும் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு இது நிஜமான சிரமம். பாட்டு வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சறுக்கிப் போகும் பழக்கமும் அவருக்கு உண்டு. உணர்ச்சி மிகுந்த இடத்தில் அது பொருந்துகிறது; சாதாரண உரையாடல் வரிகளிலும் அதையே செய்யும்போது பாவனையாகத் தெரிகிறது. வளர்ப்பு மகளைப் பெற்ற தாயான ஃபான்டீனின் மரணப் படுக்கைக்குப் பிறகு ஜாவரோடு வரும் மோதலில், இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடும் பகுதி இருக்கிறது. அங்கே குவாஸ்ட்டின் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க, வில்கின்சனுடையவை வெறும் உறுமலாகத் தேய்ந்துவிடுகின்றன.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. மாரியூஸை ஒருதலையாகக் காதலிக்கும் எப்போனினாகப் பாடும் லியா சலோங்கா பிலிப்பைன்ஸ்காரர். 'மிஸ் சைகான்' நாடகத்தின் முதல் கதாநாயகி. மைக் முன்னால் அசையாமல் நின்றே ஒரு பெண்ணின் ஏமாற்றத்தை முழுசாகக் கேட்க வைக்கிறார். வில்கின்சனுக்கு அடுத்தபடி இந்தப் பதிவின் வலு அவர்தான். ரூதி ஹென்ஷாலின் ஃபான்டீன் கோபக்காரி, அது நல்ல முடிவு. 1985இல் முதல் மாரியூஸாக இருந்த மைக்கேல் பால் இங்கே மறுபடியும் அதே வேடத்தில் வருகிறார். மாணவனாக ஒப்புக்கொள்ள முகம் இடம் தரவில்லை, குரல் தருகிறது. விடுதி நடத்தும் திருட்டுத் தெனார்தியே தம்பதியாக ஆலன் ஆம்ஸ்ட்ராங்கும் ஜென்னி கேலோவேயும் சிரிக்க வைக்கிறார்கள்.

நாடகம் முடிந்ததும் விழாவின் பின்குறிப்பாக ஒன்று நடக்கிறது. பல நாடுகளில் வால்ஜானாக நடித்த 17 பேர் தத்தம் நாட்டுக் கொடியோடு வந்து, புரட்சிப் பாட்டை ஆளுக்கொரு வரியாகத் தங்கள் தங்கள் மொழியில் பாடுகிறார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், ஹங்கேரியன், ஸ்வீடிஷ், ஐஸ்லாண்டிக் என்று மொழிகள் மாறிக்கொண்டே போகின்றன. ஜப்பான் சார்பில் பாடும் தகேஷி காகாவைச் சமையல் போட்டி நிகழ்ச்சியான 'அயர்ன் செஃப்'பில் பளபளக்கும் உடையில் குடைமிளகாயைக் கடிக்கும் தலைவராகப் பார்த்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. மனிதர் நன்றாகவே பாடுகிறார். இந்த 17 குரல்களையும் கேட்கும்போது இன்னொன்று புலப்படுகிறது. மொழி எதுவானாலும் பலருடைய வரியில் வில்கின்சனின் வார்ப்பு இருக்கிறது: தொடக்கத்தில் ஒரு கரகரப்பு, முடிவில் ஒரு திறப்பு. அவருக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டையை உலகம் முழுக்க மற்றவர்கள் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை ரசிகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். வேறொருவர் அவரைவிட நீளமாக அந்த ஸ்வரத்தைப் பிடித்தார் என்ற வாதம் என்னிடம் எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆல்பர்ட் ஹால் 1871இல் திறந்ததிலிருந்தே எதிரொலிக்குப் பேர் போன கட்டடம்; 1969இல் விதானத்திலிருந்து கண்ணாடியிழைத் தட்டுகளைக் காளான் மாதிரித் தொங்கவிட்ட பிறகுதான் அது ஓரளவு அடங்கியது. இந்தப் பதிவில் பாடகர்களின் மைக்குகள் மிக அருகில் இருப்பதால் தனிக்குரல்கள் தெளிவாகவே வருகின்றன. கூட்டுப் பாடல்களில்தான் சொற்கள் குழம்பிப் போகின்றன; முதல் பாதியின் முடிவில் எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்து பாடும் 'ஒன் டே மோர்' பாட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரித்தறிய ஸ்பீக்கரைவிட ஹெட்ஃபோன் உதவும். படம் 1995ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தரத்தில்தான் இருக்கிறது. இன்றைய பெரிய திரையில் போட்டால் மங்கலாகத் தெரியும். கேமரா நல்ல இடங்களில் பாடகரின் முகத்தில் நிற்கிறது, மோசமான இடங்களில் ஒட்டுக் காட்சிகளுக்குத் தாவி ஓடுகிறது. வில்கின்சன் கண்ணை மூடிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும் சில வினாடிகளைக் காட்டியதற்காக மட்டும் அதை மன்னிக்கலாம்.

நாடகத்தின் ஒவ்வொரு வரியும் வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதாது. இணைப்புப் பகுதிகள் சிலவற்றைக் குறைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் முழு இசையையும் கொண்ட 1988ஆம் ஆண்டு ஸ்டூடியோப் பதிவைத் தேட வேண்டும். ஆனால் அதில் வில்கின்சன் இல்லை. முதன்முறையாக வாங்குகிறவர்கள் சிடியைவிட டிவிடியை எடுப்பது நல்லது, ஏனென்றால் கதை தெரியாமல் காதால் மட்டும் கேட்டால் சில திருப்பங்கள் புரியாது. கதையை நன்றாக அறிந்தவர்களுக்குச் சிடியே மேல். ஒட்டுக் காட்சிகளின் தொல்லை இல்லாமல் குரல்களோடு இருக்கலாம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்க நேரமில்லை என்றால், நேராக 'பிரிங் ஹிம் ஹோம்' பாட்டுக்குத் தாவாதீர்கள். முதல் தட்டின் தொடக்கத்தில் சிறையிலிருந்து வெளிவருவதில் ஆரம்பித்துத் தனிமொழிப் பாட்டு முடியும் வரை கேளுங்கள், பிறகு 'ஹூ ஆம் ஐ', அதன் பிறகு இரண்டாம் தட்டில் தடுப்பரண் இரவு. ஜாவரின் சாவையும் சேர்த்துக்கொண்டால் ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்கிவிடும்.